பயம் வந்தால் விசுவாசம் இல்லையா?

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு சகோதரி
3 மார்ச் 2025, இரவு 10.14

அடுத்த மாதம் மறுபடியும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், குழாய்போன்ற மெஷினுக்குள் படுத்து எடுப்பது. போன தடவை பாதியிலேயே அலறி வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கூட்டத்தில் எனக்காக ஜெபிக்கக் கேட்டபோது ஒருவர் வெளிப்படுத்தின விசேஷம் 21:8ஐ வாசித்தார். அக்கினிக்கடலுக்குப் போகிறவர்களின் வரிசையில் "பயப்படுகிறவர்கள்"தான் முதலில், அவிசுவாசிகள்கூட அதற்குப் பிறகுதான் என்றார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். அந்தக் குழாய்க்குள் போகிற பயம் ஒன்று, பயப்படுகிறேனே என்கிற பயம் இன்னொன்று. கர்த்தர் கூட இருக்கிறார் என்று நம்புகிறவர்களுக்குப் பயமே வரக்கூடாதா?

பதில்: 3 மார்ச், இரவு 11.50

வரும் சிஸ்டர். எனக்கு வந்தது, இப்போதும் வருகிறது.

இருபத்திரண்டு வருடமாகக் கப்பல் பட்டறை வேலை. கப்பலின் அடிவயிற்று டேங்குகளுக்குள் இறங்கி ஏறுகிற பிழைப்பு. உங்கள் குழாயைப் பற்றிப் படித்ததும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. விவரமாக எழுதுகிறேன், இன்று முடியாது, காலையில் நாலரைக்கு எழ வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வசனத்தை நடுங்கிக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளைக்கு வாசித்தது தப்பு. அதில் வருகிற பயம் வேறு வகை, உங்கள் பயம் வேறு.

4 மார்ச், காலை 5.35

துவாஸ் போகிற பஸ்ஸில் இருந்து. சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." தாவீது சொன்னது. பயப்படாத நாளில் என்று எழுதவில்லை பாருங்கள். அடுத்த வசனத்திலேயே "நான் பயப்படேன்" என்கிறார். இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது. காத் ஊரில் பெலிஸ்தர் கையில் அகப்பட்டபோது பாடியது என்று தலைப்பில் இருக்கிறது. அங்கேதான் அவர் அந்த ஊர் ராஜாவுக்கு மிகவும் பயந்து, பைத்தியக்காரன்போல நடித்து, தாடியில் எச்சில் வழியவிட்டுத் தப்பித்தார். அந்த வாயிலிருந்துதான் இந்தச் சங்கீதமும்.

6 மார்ச், இரவு 9.20

சரி, என் கதை.

2011. ஒரு கப்பலின் டபுள் பாட்டம் டேங்க். கப்பலின் அடித்தட்டு இரட்டைத் தட்டாக இருக்கும், நடுவில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத உயரம். உள்ளே இறங்குகிற மேன்ஹோல் 600க்கு 400 மில்லிமீட்டர், முட்டை வடிவம். அதற்குள் இறங்கினால் வரிசையாக ஃபிரேம்கள், அதாவது இரும்புத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை ஊர்ந்து போக வேண்டும். இறங்குவதற்கு முன்னால் கேஸ் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் 19.5க்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால்தான் பெர்மிட். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கூட வந்தவர் கருவி எடுக்க மேலே போன நேரம் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. அதைவிடக் கொடுமை, உள்ளே காற்று ஊதுகிற புளோவர் நின்றது. உள்ளே இருக்கும்வரை அந்தக் காற்று இரைச்சல் காதைக் குடைந்துகொண்டே இருக்கும். அது நின்றபோதுதான் அதை நம்பித்தான் இத்தனை நேரம் மூச்சு விட்டேன் என்று புரிந்தது. டார்ச்சை எடுத்தேன், கை நடுக்கத்தில் நழுவி ஃபிரேமுக்கு அந்தப் பக்கம் சேற்றில் விழுந்து அணைந்தது. திரும்ப முயன்றேன். இடுப்பு பெல்ட் எதிலோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. என் மூச்சு இரும்பில் பட்டு என் முகத்திலேயே சூடாக அடித்தது.

ஜெபிக்க வரவில்லை. தமிழ்நாட்டில் நாசரேத் பக்கம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணிய 23ஆம் சங்கீதம்தான் வாயில் வந்தது, அதுவும் தப்புத் தப்பாக. "மரண இருளின் பள்ளத்தாக்கிலே" என்ற இடத்தில் நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை வரவே இல்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. டங். டங். டங். மேன்ஹோல் விளிம்பில் யாரோ ஸ்பேனரால் தட்டினார்கள். உள்ளே ஆள் இருக்கும்வரை வாசலிலேயே நிற்கிற வாச்மேன்தான். வங்காளதேசத்துத் தம்பி, எங்களோடு இருந்து தமிழ் பழகியவன். தட்டிவிட்டுக் கத்துவான்: "அண்ணே, இருக்கேன்! இருக்கேன் அண்ணே!" மறுபடியும் டங், டங். நானும் கைக்கு அகப்பட்டதை வைத்துத் திருப்பித் தட்டினேன். பதினொரு நிமிஷம் என்று பிறகு எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு நிமிஷமும் அவன் நிறுத்தவில்லை.

விளக்கு அவனிடம் இல்லை, காற்றும் இல்லை. சத்தம் மட்டும்தான் வந்தது. ஆனால் விட்டுப்போன வரி எனக்கு வந்துவிட்டது. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்."

அந்தச் சங்கீதத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள் சிஸ்டர். புல்லுள்ள இடங்கள், அமர்ந்த தண்ணீர் என்று நன்றாக இருக்கும்வரை "அவர் என்னை மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்று "அவர்", "அவர்" என்றே போகும். இருள் வந்ததும் "தேவரீர்" என்று மாறிவிடும். அதுவரை அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாய், அந்த இடத்தில் அவரிடமே பேச ஆரம்பிக்கிறது.

7 மார்ச், மதியம் 1.05

"பயப்படாதே" வேதத்தில் 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று கீழே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லி வந்தேன். நேற்று போனில் வேதாகம ஆப்பில் தேடிப் பார்த்தேன், அந்த எண்ணிக்கை வரவில்லை, கிட்டக்கூட இல்லை. நல்ல எண்ணத்தில் பரவிய கணக்கு, ஆனால் சரியல்ல. லீப் வருடத்துக்கு ஒன்று குறைகிறதே என்று என் மகள் சிரிக்கிறாள்.

எண்ணும்போது வேறொன்று தட்டுப்பட்டது. "பயப்படாதே" வருகிற எத்தனையோ இடங்களில் காரணம் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." அது ஏசாயா 41:10. ஒன்றும் நடக்காது, அதனால் பயப்படாதே என்று காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

11 மார்ச், இரவு 10.40

தூக்கம் வரவில்லை. அந்த "இருக்கேன்" என்ற வார்த்தையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வீடுகளில் பயந்த பிள்ளைக்கு என்ன சொல்வோம்? "நான் இருக்கேன்ல." அவ்வளவுதான். எங்கே இருக்கிறேன், என்ன செய்வேன் என்று ஒன்றும் சேர்க்க மாட்டோம், பிள்ளைக்கு அதுவே போதும். என் அப்பா நள்ளிரவில் கிணற்று மோட்டாரை நிறுத்த என்னைக் கூட்டிப் போவார். "நீ முன்னால நட, நான் இருக்கேன்ல" என்பார்.

யாத்திராகமம் 3. எரிகிற முட்செடி. பார்வோனிடம் போ என்றதும் மோசே பின்வாங்குகிறான், "நான் எம்மாத்திரம்" என்கிறான். நீ பெரிய ஆள்தான் என்று கர்த்தர் தைரியம் சொல்லவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். பிறகு பெயர் கேட்கிறான். "இருக்கிறவராக இருக்கிறேன்." எபிரெயத்தில் "இருப்பேன்" என்பதும் அந்தப் பெயரில் வருவதும் ஒரே சொல்தான், "எஹ்யே". பயந்தவனிடம் என்ன சொன்னாரோ அதையே தம் பெயராகச் சொல்கிறார்.

டேங்க் வாசலில் அந்தத் தம்பி கத்தியது எனக்கு ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியது என்று பதினாலு வருடம் கழித்து இப்போதுதான் பிடிபடுகிறது.

15 மார்ச், மாலை 6.30

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். வெளிப்படுத்தலில் வருகிற பயம் வேறு வகை என்று அடித்துச் சொல்லியிருந்தேன். இன்று டோர்செட் ரோட்டில் ஆராதனை முடிந்து போதகரிடம் கேட்டேன். பாதி சரி என்றார். அங்கே கிரேக்கத்தில் இருப்பது "டெய்லோஸ்", கோழை என்று அர்த்தம். உபத்திரவத்தில் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கிறிஸ்துவையே வேண்டாம் என்றவர்களை நினைத்து எழுதியது என்றார். அது சரி. ஆனால் அதே சொல்லை இயேசு தம் சீஷர்களைப் பார்த்தே சொல்லியிருக்கிறார், மாற்கு 4:40ல், புயல் அடித்த படகில். "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" அதே டெய்லோஸ்.

கேட்டதும் முதலில் திக்கென்றது. அப்படியானால் அந்த வீட்டுக்கூட்டத்துக்காரர் சொன்னது சரியாகிவிடுமே!

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தைப் படித்தேன். படகிலிருந்து யாரையும் இறக்கிவிடவில்லை. கோழைகளே என்ற அந்தச் சொல்லைக் கேட்டவர்களோடுதான் அக்கரைக்குப் போனார். முதலில் காற்றை அதட்டுகிறார், கடல் அமர்ந்த பிறகுதான் அவர்களைக் கேட்கிறார். திட்டு உண்டு, ஆனால் அலையில் தத்தளிக்கிறவனைத் திட்டவில்லை.

16 மார்ச், காலை 7.10

திருத்தத்துக்குத் திருத்தம். மத்தேயு 8:26ல் வரிசை மாறி இருக்கிறது என்று பிடோக்கிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அங்கே முதலில் "அற்பவிசுவாசிகளே" என்று கேட்டுவிட்டுப் பிறகுதான் எழுந்து காற்றை அதட்டுகிறார். உண்மைதான் அண்ணே. நான் மாற்கை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன். திட்டு முன்னாலோ பின்னாலோ, படகில் அவர் இருந்தார் என்பதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை. அதுவரைக்கும்தான் நான் சொல்ல முடியும்.

அந்த அண்ணனே இன்னொரு கேள்வியும் போட்டிருக்கிறார். "வாச்மேன் உதாரணம் இடிக்கிறது. சட்டப்படி அவன் உள்ளே வரவே கூடாது. நம் தேவன் வாசலில் நின்று தட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறவரா?" இதற்கு என்னிடம் இன்று பதில் இல்லை. யோசிக்கிறேன்.

23 மார்ச், மாலை 4.00

சிஸ்டர் தனிச்செய்தியில் கேட்டார்: "அன்றோடு பயம் போய்விட்டதா?"

போகவில்லை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். டேங்கிலிருந்து வந்த பிறகு என்னால் லிஃப்டில் ஏற முடியவில்லை. எங்கள் பிளாக்கில் பதினோராவது மாடி. ஏழு வாரம் படி ஏறினேன். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியது இன்றும் முழங்காலுக்கு ஞாபகம் இருக்கிறது. தூக்கத்தில் பெல்ட் இழுக்கும். சபையில் இரண்டு மூன்று பேர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். ஒருவர் "விசுவாசித்தால் இன்றே போகும்" என்றார். போகவில்லை என்பதால் அவரைப் பார்க்கவே வெட்கப்பட்டு இரண்டு ஞாயிறு ஆலயத்துக்குப் போகவில்லை.

கடைசியில் மனைவிதான் அரசு பாலிகிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அந்தம்மா என்னை முதல் வாரம் லிஃப்ட் வாசலில் நிற்க மட்டும் வைத்தார். அடுத்த வாரம் கதவு திறந்திருக்கும்போதே உள்ளே போய் வெளியே வருவது. பிறகு ஒரு மாடி. மூச்சை எண்ணி விடக் கற்றுக்கொடுத்தார். நான் எண்ணுக்குப் பதிலாக "தேவரீர்" என்று இழுத்து, "என்னோடேகூட இருக்கிறீர்" என்று விட்டேன். அது நல்லதுதான், அப்படியே செய்யுங்கள் என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை.

டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று இங்கே எழுதியிருப்பவர்களுக்கு: 1 இராஜாக்கள் 19. ராணி யேசபேலுக்குத் தப்பி ஓடிய தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றார். கர்த்தருடைய சத்தம் அதற்குப் பிறகு, மலையில். முதலில் சோறும் தூக்கமும்.

ராத்திரியில் தனியாகத் தாங்க முடியவில்லை என்றால் சிங்கப்பூரின் எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ்) உதவி எண் 1767க்குப் போன் பண்ணுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஆள் எடுப்பார்கள்.

29 மார்ச், இரவு 8.15

தோபி காட் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது ஒய்எம்சிஏ கட்டடத்தைக் கடந்தேன். அதைக் கடக்கும்போதெல்லாம் பேராயர் லியனார்ட் வில்சன் ஞாபகம் வரும். ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர். 1943 செப்டம்பர் கடைசியில் நேசநாட்டு வீரர்கள் சிறு படகுகளில் ரகசியமாக வந்து துறைமுகத்தில் கப்பல்களுக்கு வெடி வைத்துவிட்டுப் போனார்கள். சாங்கி சிறையில் அடைபட்டிருந்தவர்கள்தான் உளவு சொன்னார்கள் என்று சந்தேகப்பட்டு அக்டோபர் 10 முதல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாய் 57 பேரைப் பிடித்தது. 15 பேர் செத்தார்கள். பேராயரையும் பிடித்து நாள்கணக்கில் அடித்தார்கள்.

அடிக்கிறவர்கள் அவரிடம் கேட்டார்களாம், உன் தேவன் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று. காப்பாற்றுகிறார், வலியை எடுத்துப்போட்டு அல்ல, அதைத் தாங்குகிற ஆவியைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார் என்றாராம். போருக்குப் பிறகு அவர் பேசிய ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னது. அவரை அடித்தவர்களில் ஒருவருக்குப் பின்னாளில் அவர் கையாலேயே திடப்படுத்தல் (சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் சடங்கு) கொடுத்தார்.

சாங்கி சிறையில் நடந்த அந்தக் கொடுமையை நினைத்தால் என் பதினொரு நிமிஷம் ஒன்றுமே இல்லை.

30 மார்ச், காலை 6.00

கடைசி வரியில் இரண்டு தப்பு. பேராயர் சாங்கி சிறையில் அடைபட்டிருந்தார் என்பது சரி. விசாரணை என்ற பெயரில் கொடுமை நடந்த முக்கியமான இடம் அந்தப் பழைய ஒய்எம்சிஏ கட்டடம், அங்கேதான் கெம்பெய்த்தாய் இருந்தது. இப்போது நிற்பது அதே இடத்தில் கட்டிய புதுக் கட்டடம்.

இரண்டாவது தப்பு பெரியது. "ஒன்றுமே இல்லை" என்று எழுதினேன். அப்படிச் சொன்னால் சிஸ்டருடைய அரை மணி நேரக் குழாயும் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். அவரவர் இருட்டு அவரவருக்கு முழு இருட்டு. மன்னிக்கவும்.

5 ஏப்ரல், பிற்பகல் 12.40

1 கொரிந்தியர் 2:3. "நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்." எழுதியது அப்போஸ்தலன் பவுல். வீட்டுக்கூட்டத்தில் அடுத்த தடவை யாராவது வெளிப்படுத்தின விசேஷம் 21:8ஐ எடுத்தால் நீங்கள் இதை எடுங்கள் சிஸ்டர்.

17 ஏப்ரல், இரவு 11.25

பெரிய வியாழன் ஆராதனையிலிருந்து இப்போதுதான் வந்தேன். பிடோக் அண்ணனுடைய கேள்விக்குப் பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

சிலுவைக்கு முந்தின இரவு இயேசு கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த பகுதியை வாசித்தார்கள். மாற்கு 14:33, இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்." எத்தனை வருடம் கேட்ட வசனம், இன்று முதல் தடவை கேட்டதுபோல இருந்தது. அவருக்கே திகில். அவரே அந்த நேரத்தில் மூன்று பேரைப் பார்த்து, கூட விழித்திருங்கள் என்று கேட்கிறார். கூட இருக்க ஆள் வேண்டும் என்று கேட்பது பலவீனம் என்றால், அதை அவர் கேட்டிருக்க மாட்டார்.

அந்த மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். எங்கள் வேலையில் ஆள் உள்ளே இருக்கும்போது வாச்மேன் தூங்கினால் அன்றோடு அவனுக்கு வேலை இல்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை சிலுவையில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கத்துவார். விளக்கு இல்லை, வாசலில் ஆள் இல்லை, தட்டுகிற சத்தம்கூட இல்லை. அப்படிப்பட்ட டேங்குக்குள் அவர் இறங்கினார்.

ஆகவே அண்ணே, உதாரணம் இடிக்கிறதுதான், நீங்கள் சொன்னது சரி. வாச்மேன் உள்ளே வரக்கூடாது. இவர் வந்தார். "நான் பாதாளத்தில் படுக்கைபோட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்" என்று 139ஆம் சங்கீதத்தில் பாடுகிறோமே, அவர் அங்கே படுத்துப் பார்த்தவர். எழுதும்போதே கண் நிறைகிறது. நிறுத்துகிறேன்.

24 ஏப்ரல், இரவு 7.50

சிஸ்டர் எழுதியதை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். ஸ்கேன் முடிந்தது, இந்தத் தடவை முழுதாக.

முன்கூட்டியே போன் பண்ணித் தன் பயத்தைச் சொல்லியிருக்கிறார். அக்காவைக் கூடவே இருக்க விட்டார்கள். உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று அக்காவையும் கேட்டுச் சோதித்துவிட்டு உள்ளே அனுப்பினார்களாம். அக்கா குழாய்க்கு வெளியே நின்று, போர்வைக்கு அடியில் இவருடைய வலது கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு ரப்பர் பந்து, முடியாவிட்டால் அமுக்கச் சொல்லி. அமுக்கவில்லை. மெஷின் சத்தம் டங் டங் என்று இடித்தபோது அந்த வாச்மேன் தம்பியின் ஸ்பேனர் ஞாபகம் வந்து, அந்தச் சத்தத்தோடு "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கிடந்தாராம். பயம் இருந்ததா என்று கேட்டேன். "முழுக்க இருந்தது அண்ணா" என்றார்.

ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

27 ஏப்ரல், இரவு 9.05

அந்த வாச்மேன் தம்பி ஊருக்குத் திரும்பி ஆறு வருடம் ஆகிறது, குமில்லா பக்கம் கடை வைத்திருக்கிறான். இவ்வளவும் எழுதிவிட்டு அவனிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று இன்று போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் அன்னைக்கு ரொம்பப் பயம் அண்ணே" என்றான்.

நான் திருப்பித் தட்டியது கேட்டதும் தைரியம் வந்திருக்குமே என்றேன்.

"நீங்க தட்டினீங்களா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே" என்றான். மேலே அலாரமும் ஆட்களுடைய கூச்சலுமாக இருந்திருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, நான் செத்துவிட்டேன் என்றுதான் பாதி நேரம் நினைத்தானாம்.

"அப்புறம் ஏன்டா தட்டிக்கிட்டே இருந்தே?"

"நீங்க உள்ளதானே இருந்தீங்க" என்றான்.